பச்சையாகவே தின்னலாம் மக்காச்சோளம்



மக்காச்சோளம் என்றதும் பெரம்பலூர், திண்டுக்கல், உடுமலைப்பேட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு என்ன ஞாபகம் வரும்? நாமக்கல், பல்லடம் கோழிப் பண்ணைகள்தான். விதைக்கிறோம், காய்ந்ததும் கதிரை ஒடிக்கிறோம், மெஷினில் விட்டு உதிர்க்கிறோம், மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிறோம். நம்ம வீட்டு அடுப்படிக்கு அதில் ஒரு படி வருகிறதா என்றால், பல வீடுகளில் வருவதில்லை. ஆனால் டவுன் பஸ் ஸ்டாண்டில் பாருங்க, ஒரு கைப்பிடி இனிப்புச் சோளத்தைக் காகிதக் கப்பில் போட்டு, வெண்ணெயும் மிளகாய்த் தூளும் சேர்த்து நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

இத்தனைக்கும் மக்காச்சோளத்தை அதன் முழு ருசியோடு தின்னக் கொடுத்து வைத்தவர் விவசாயி ஒருத்தர்தான். வேக வைக்காமல், சுடாமல், ஒடித்த கையோடு பச்சையாகத் தின்கிற ருசியைச் சொல்கிறேன். இளங் கம்பங்கதிரைக் கசக்கி, உமியை ஊதி, வாயில் போட்டு மென்றவர்கள்தானே நாம்? அதே மாதிரிதான் இதுவும். ஆனால் எந்தக் கதிரை வேண்டுமானாலும் கடிக்கலாம் என்று நினைத்துவிடாதீங்க. முதலில் எதைத் தின்னக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

2018-ஆம் வருஷம் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்தது. முதலில் கர்நாடகத்தில் தெரிந்தது, அதே வருஷம் நம் வயல்களையும் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் மருந்தே அடிக்காமல் மக்காச்சோளம் எடுத்தவர்கள்கூட இன்றைக்கு எமாமெக்டின் பென்சோயேட், குளோரான்ட்ரனிலிப்ரோல், ஸ்பைனிடோரம் என்று குருத்துக்குள் இறங்கும்படி அடிக்கிறார்கள். வேறு வழியில்லை. தானியத்துக்கு விடுகிற பயிர் என்றால் காய்ந்து ஒடிக்கும் வரை நாள் நிறைய இருக்கிறது. பச்சைக் கதிருக்கு அந்த அவகாசம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஓரக்காலில் இரண்டு கதிரை ஒடித்துக் கடித்துக்கொண்டே போவார்கள். அந்த வயலுக்கு முந்தாநாள் மருந்து அடித்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மேலே மட்டை மூடியிருக்கிறதே, உள்ளே மருந்து போகுமா என்று கேட்பீர்கள். சில மருந்துகள் செடிக்குள் ஊடுருவிப் பரவக் கூடியவை. மட்டையை உரிக்கிற கையிலும் ஒட்டும், அந்தக் கை வாய்க்குப் போகும். ஆகவே மருந்து அடித்த வயலில் நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டுங்க. தெருப் பிள்ளைகளிடம் வாய் விட்டுச் சொல்லிவிடுங்க. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று டப்பாவோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். அந்த நாள் கழியாத கதிரைப் பச்சையாகவும் தொடாதீங்க, வேக வைத்தும் தொடாதீங்க. பையில் வருகிற சாயம் பூசின விதையும் அப்படித்தான். மீந்துபோன விதையைக் கோழிக்குக்கூடப் போடக் கூடாது.

அதனால் தின்பதற்கென்று தனியாக அரை சென்ட் இடம் ஒதுக்குங்க. பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் விட்டால் அதிலேயே 160 செடிக்கு மேல் நிற்கும். இவ்வளவு சிறிய இடத்தில் புழுவின் முட்டைக் குவியலை இலையிலேயே கையால் நசுக்கிவிடலாம். இளம் பயிரில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல் பதினைந்து நாள் விட்டு விட்டு இரண்டு மூன்று தடவையாக விதைத்தால், கதிரும் விட்டு விட்டு வரும்.

எந்த ரகம்? கோழித் தீவனத்துக்குப் போடுகிற ஒட்டுச் சோளத்தையும் பால் பருவத்தில் கடிக்கலாம், தப்பில்லை. ஆனால் இனிப்பு குறைவு, மாவுதான் அதிகம். பச்சையாக நிறையத் தின்றால் வயிறு உப்பிக்கொள்ளும். அதைச் சுட்டோ அவித்தோ தின்பதே நல்லது. பச்சையாகத் தின்ன ஏற்றது இனிப்பு மக்காச்சோளம். மாதுரி, பிரியா என்ற ரகங்கள் இருக்கின்றன. கம்பெனி ஒட்டு ரகங்களும் கடையில் கிடைக்கின்றன.

இதில் என்ன விசேஷம்? செடி இலையில் தயார் செய்கிற சர்க்கரையைத்தான் மணிக்கு அனுப்புகிறது. சாதாரணச் சோளத்தில் மணி அதை உடனுக்குடன் மாவாக மாற்றிக்கொள்ளும். இனிப்புச் சோளத்தில் அந்த மாற்றம் இயற்கையாகவே தடைப்பட்டிருக்கிறது. அதனால்தான் அதன் காய்ந்த விதை சுருங்கிச் சொத்தை மாதிரி இருக்கும். அதைப் பார்த்து விதை கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க. இன்னும் அதிக இனிப்புள்ள ஒரு வகையைப் பற்றி அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாஃப்னன் என்பவர் 1953-இல் எழுதினார். இப்போது கடைகளில் வரும் ஒட்டு ரகங்களில் பல அந்த வகைதான். விதையில் மாவுச்சத்து குறைவு என்பதால் முளைக்கிற தெம்பும் குறைவு. ஆழமாக ஊன்றக் கூடாது. 3 சென்டிமீட்டர் போதும், மண்ணில் ஈரம் இருக்க வேணும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தீவனச் சோளத்துக்கு நடுவிலேயே இரண்டு பார் இனிப்புச் சோளம் போட்டால் சௌகரியம் என்று தோன்றும். போட்டால் கதிர் வரும், இனிப்பு வராது. பக்கத்துச் சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால், விழுந்த மணியெல்லாம் அந்தப் பருவத்திலேயே மாவுச் சோளமாகிவிடும். விதைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டுவோம். அவர் மேல் பழியில்லை. கால் கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேணும். இல்லாவிட்டால் மூன்று வாரமாவது முன்னாலோ பின்னாலோ விதைக்க வேணும், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கக் கூடாது. இன்னொன்று, ஒற்றை வரிசையாக வரப்போரம் ஊன்றாதீங்க. கதிரின் ஒவ்வொரு பட்டு இழைக்கும் மகரந்தம் விழுந்தால்தான் அந்தந்த மணி பிடிக்கும். நாலைந்து வரிசை சேர்ந்தாற்போல் சதுரமாக இருந்தால் கதிர் பொக்கையில்லாமல் வரும்.

ஒடிக்கிற நாள்தான் ருசியைத் தீர்மானிக்கிறது. பட்டு இழை வெளியே வந்ததிலிருந்து 18 முதல் 20 நாள் எண்ணுங்க. இழை பழுப்பாகிக் காய்ந்திருக்கும், மட்டை மட்டும் பச்சையாகவே இருக்கும். நுனியை லேசாக விலக்கி ஒரு மணியில் நகத்தை அழுத்துங்க. தண்ணீராக வந்தால் இன்னும் பிஞ்சு, பாலாக வந்தால் சரியான பருவம், மாவாகப் பிசுபிசுத்தால் நாள் தப்பிவிட்டது. அதிக இனிப்பு வகைகளில் பால் அவ்வளவு வெள்ளையாக வராது. அங்கே மணி உருண்டு பருத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளணும். நுங்கு மாதிரிதான், சில நாள் பிந்தினால் கல்.

ஒடித்த பிறகும் மணி சும்மா இருப்பதில்லை. சாதாரண இனிப்பு ரகத்தில் 30 டிகிரி சூட்டில் ஒரே நாளில் சர்க்கரையில் 60 சதவீதம் வரை போய்விடும். பனிக்கட்டிக் குளிரில் வைத்தால் 6 சதவீதம்தான் போகும். அதிக இனிப்பு வகைகளில் இது மெதுவாக நடக்கும், ஆனாலும் நடக்கும். டவுன்காரருக்கு அந்த ருசி கிடைக்காது என்பது இதனால்தான். நீங்கள் விடியற்காலையில் ஒடித்து, மட்டையோடு நிழலில் ஈரச் சாக்குக்குள் வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் தின்றுவிடுங்க. குவித்துப் போட்டால் குவியலே சூடேறும்.

எப்படித் தின்பது? முதல் கதிரை வயலிலேயே, மட்டையை உரித்து, இழையைத் துடைத்துவிட்டு அப்படியே கடித்துப் பாருங்க. உப்புக்கூட வேண்டாம். இரண்டாவது கதிருக்கு எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்பிலும் மிளகாய்த் தூளிலும் தொட்டு மேலே தேய்க்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தால், நன்றாகக் கழுவி, கதிரைச் செங்குத்தாக நிறுத்தி, கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவினால் மணி உதிரும். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, அதோடு சீவின மணி, துருவின தேங்காய், பொடியாக நறுக்கின மாங்காய், கொத்தமல்லி, உப்பு சேர்த்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டுங்க. கெட்டித் தயிரில் சின்ன வெங்காயத்தோடு கலந்தால் பச்சடி, கம்மஞ்சோற்றுக்கு நல்ல துணை. பல் போன பெரியவர்களுக்குச் சோளப் பால். மணியை அம்மியிலோ மிக்சியிலோ கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுக் கொடுக்கலாம். அரைத்ததை உடனே குடித்துவிடணும். சீவின மணியும் அந்த வேளையோடு சரி, ராத்திரிக்கு வைக்காதீங்க.

பட்டு இழை எட்டிப் பார்த்த இரண்டொரு நாளில் ஒடிக்கிற பிஞ்சுக் கதிர் இன்னொரு வகை. அதைக் கட்டையோடு, வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நறுக்கித் தின்னலாம். இதற்கென்றே கோவையில் கோ பி.சி. 1 என்ற ரகத்தைத் தந்திருக்கிறார்கள்.

பச்சைச் சோளத்தில் முக்கால் பங்கு தண்ணீர். 100 கிராமில் புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல், சர்க்கரை 6 கிராம் அளவு, கொஞ்சம் வைட்டமின் சி. வேக வைத்தால் சி சத்து குறையும், ஆனால் வேறு சில நல்ல சத்துகள் கூடுதலாக வெளிப்படும். ஆகவே அவித்துத் தின்கிறவரைக் குறை சொல்ல மாட்டேன். மணியின் மேல்தோல் செரிக்காது. நன்றாக மென்றால்தான் உள்ளே உள்ளது உடம்பில் ஒட்டும். ஒரு வேளைக்கு ஒரு கதிர் போதும். சின்னக் குழந்தைகளுக்கு மணி தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு அவித்து மசித்துத்தான் கொடுக்க வேணும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் சோற்றுக்குப் பதிலாகக் கணக்கு வைத்துக்கொள்ளணும், சோற்றுக்கு மேலே அல்ல.

நுனியில் புழு கடித்திருந்தால் அந்தப் பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்னலாம். பூசணம் பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்திருந்தால் கதிரையே எறிந்துவிடுங்க. அதன் நஞ்சு வேக வைத்தாலும் போகாது, மாட்டுக்கும் போடாதீங்க.

கதிர் ஒடித்த தட்டை அப்போது பச்சையாகத்தான் நிற்கும். காயவிடாமல் அன்றைக்கே அறுத்து நறுக்கிக் கறவை மாட்டுக்குப் போடுங்க.