குண்டு விழுந்த இடமே எல்லை

செஞ்சிக்குக் கடல் இல்லை. கரைக்குப் போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நடக்க வேண்டும். ஆனாலும் கடலெல்லையின் கதையை இந்தக் கோட்டையிலிருந்தே தொடங்கலாம்.

1690. செஞ்சியில் மராத்திய மன்னர் ராஜாராம். முகலாயப் படை நெருங்குகிறது, பணம் வேண்டும். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலக் கம்பெனிக்கு விலைபோனது. கூடவே எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை! கம்பெனி சும்மா இருக்குமா? நல்ல பித்தளைப் பீரங்கியையும் கைதேர்ந்த ஆளையும் சென்னையிலிருந்து வரவழைத்தது. செப்டம்பரில் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின.

பன்னிரண்டே ஆண்டுகளில், டச்சுச் சட்ட அறிஞர் பிங்கர்ஷுக் இதே கணக்கைக் கடலுக்குச் சொன்னார்: கரையிலிருந்து ஆயுதம் எட்டும் வரைதான் ஒரு நாட்டின் கடல். ஆனால் பீரங்கிக்குப் பீரங்கி தூரம் மாறுமே! 1782இல் இத்தாலியரான கலியானி 3 மைல் என்று முடிவாக ஓர் எண்ணைச் சொன்னார். அதன்பின் சுட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவின் எல்லை 1956இல் 6 கடல்மைல், 1967இல் 12 கடல்மைல் என வளர்ந்தது. ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். ஆக 12 என்பது சுமார் 22 கிலோமீட்டர். ஏறத்தாழ கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும் தூரம். இதுதான் ஆட்சிக்கடல், அதாவது நாட்டின் சட்டம் முழுதாகச் செல்லும் நீர்.

எங்கிருந்து அளப்பது? அலை நனைக்கும் இடம் மணிக்கொரு தரம் மாறுகிறதே. அதற்கும் வழி உண்டு: கடல் நன்றாக வற்றும்போது நீர் நிற்கும் கோடு. அதுவே அடிக்கோடு. ஆற்று முகத்துவாரம் வந்தால் கரைக்குக் கரை நேர்கோடு இழுத்துக்கொள்ளலாம்.

எல்லைக்குள் அயல்நாட்டு வணிகக் கப்பல் வரலாம், தீங்கு செய்யாமல் கடந்துபோனால் போதும். நீர்மூழ்கிக்குத் தனி விதி: மேலே வந்து, கொடியைக் காட்டிக்கொண்டே போக வேண்டும். அடிக்கோட்டிலிருந்து 200 கடல்மைல் வரை மீனும் எண்ணெயும் நமக்கே. கப்பல் பாதை எல்லோருக்கும்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இரண்டு 22 கிலோமீட்டர்களுக்கு இடமே இல்லை. எனவே 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளைக் குறித்துக் கோடு இழுத்தன. குண்டு விழுந்த ஊருக்காவது ஒரு பெயர் கிடைத்தது. இந்தக் கோட்டில் கல்லும் இல்லை, வேலியும் இல்லை. படகிலுள்ள ஜிபிஎஸ் திரையில் நகரும் எண்களில்தான் அது இருக்கிறது.