உச்சியில் வளரும் இழை

காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமிக்கொள்கிறோமே, அந்தச் சளியை இரவெல்லாம் தொண்டை வரை ஏற்றிவிட்டது யார்? மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள்தான். அந்தச் செல் ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 200 நுண்ணிய இழைகள் உண்டு. காற்றடிக்கும்போது நெல்வயல் அலையலையாகச் சாயும் அல்லவா, அதுபோல அவை அசைந்து, தூசி படிந்த சளியை மேலே தள்ளுகின்றன. பாடப் புத்தகம் இவற்றைக் குற்றிழை என்கிறது. சிலியா என்றும் சொல்வதுண்டு. ஒரு செல் இந்த இழையை எப்படிக் கட்டுகிறது என்று பார்ப்போம்.

முதலில் அஸ்திவாரம். சென்ட்ரியோல் என்ற சிறிய உருளை செல்லின் விளிம்புக்கு வந்து, மேல்சவ்வுக்கு அடியில் ஊன்றிக்கொள்கிறது. அதன் சுவரில் மும்மூன்றாக ஒன்பது கட்டுக் குழல்கள். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு குழல்கள் மேலே நீள, அந்த ஒன்பது ஜோடிகளே இழையின் எலும்புக்கூடு. அசையும் இழைகள் பெரும்பாலானவற்றில் நடுவே இன்னும் இரண்டு குழல்கள் இருக்கும். எல்லாம் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. அதைச் செங்கல் என்று வைத்துக்கொள்வோம். இழையின் அகலம் கால் மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் 4,000 இழைகளை நெருக்கி நிறுத்திவிடலாம்.

இங்கேதான் நம் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் வந்துவிடுகிறது. இழை என்றதும் தலைமுடி நினைவுக்கு வருகிறது. முடி வேரில் உருவாகி வெளியே தள்ளப்படுவது; சாயம் பூசிய சில வாரங்களில் அடியில் நரை தெரிவது அதனால்தான். குற்றிழையும் அடியிலிருந்து வளர்வதாகவே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வளர்வது நுனியில். புதுச் செங்கல் எப்போதும் உச்சியில்தான் வைக்கப்படுகிறது.

அப்படியானால் ஒரு சிக்கல் வருகிறது. இழைக்குள் புரதம் செய்யும் பட்டறை கிடையாது. ஒவ்வொரு செங்கலும் கீழே செல்லுக்குள் சூளையில் வெந்து மேலே வந்தாக வேண்டும். உச்சியில் கொத்தனார் வேலை நடக்கிறது என்றால் சித்தாள் எங்கே? 1993-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ரோசன்பாமின் ஆய்வகத்தில் கீத் கோஸ்மின்ஸ்கி அந்தச் சித்தாள்களைப் பார்த்தார். கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியின் இழைக்குள் துகள்கள் வரிசையாக ஏறுவதும் இறங்குவதும் நுண்ணோக்கியில் தெரிந்தது. பாசிக்கு இரண்டே இழைகள். கசையிழை என்று பெயர் மாறினாலும் கட்டுமானம் அதேதான்.

சுமை ஏற்றுவது கைனசின் என்ற புரதம். நொடிக்கு இரண்டு மைக்ரான் வேகம். பாசியின் 12 மைக்ரான் இழையை ஆறு நொடியில் ஏறிவிடும். இறக்கிவருவது டைனின். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த டைனின் மேலே போகும்போது தானே சரக்காகத் தூக்கிச் செல்லப்படுகிறது என்பது. ஏறுபவரும் இறங்குபவரும் மோதிக்கொள்ள மாட்டார்களா? ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு குழல்கள் இருந்தன அல்லவா? ஒன்றில் ஏற்றம், மற்றதில் இறக்கம் என்று 2016-இல் தெரியவந்தது.

கட்டி முடித்தபின் சித்தாள்களுக்கு ஓய்வு என்று நினைக்கத் தோன்றும். அதுவும் இல்லை. நுனியில் செங்கல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உதிர்வதும் சேர்வதும் சமமாகும் இடத்தில்தான் இழையின் நீளம் நிற்கிறது. சூடேறினால் கைனசின் செயலிழந்துவிடும் ஒருவகைப் பாசியைச் சற்றே வெப்பமான இடத்துக்கு மாற்றினால், முழுதாக வளர்ந்த இழைகளும் குறுகிப்போகின்றன.

1969-இல் ரோசன்பாமும் உடன் ஆய்வாளர்களும் பாசியின் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் துண்டித்துவிட்டுக் காத்திருந்தார்கள். வெட்டுப்பட்டது வளரத் தொடங்கியது; வெட்டுப்படாதது குறையத் தொடங்கியது. இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்தபின், சேர்ந்தே வளர்ந்து பழைய நீளத்தை அடைந்தன.

நம் சிறுநீரகக் குழாய்ச் செல்களிலும் இதே முறையில் கட்டப்பட்ட, அசையாத ஒற்றை இழை நிற்கிறது. சுமை தூக்கும் புரதம் ஒன்றின் மரபணு, பாசிக்கும் எலிக்கும் பொதுவானது. அது பழுதானால் எலியின் சிறுநீரகத்தில் அந்த இழை குட்டையாக நின்றுவிடுகிறது என்று 2000-இல் கண்டறிந்தார்கள். அந்த எலிகளின் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள்.