குற்றவியல் நீதிக் கல்வி: இரணைமடுவிலிருந்து ஒரு நோக்கு

இரணைமடுவை அண்டிய அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்பப் பீடங்கள் இயங்கி வருகின்றன. அச்சூழலில் குற்றவியல் நீதிக்கான நான்காண்டு இளமாணிப் பட்டப்படிப்பொன்று அமையுமாயின், அது எவ்வாறு திட்டமிடப்படல் வேண்டும்? பாடங்களின் பட்டியல் மட்டும் இதற்கு விடையாகாது. எது குற்றம், அதனைக் குற்றமென வரையறுத்தோர் யாவர் என்பதே முதல் வினாவாகும்.

ஆகவே முதலாம் ஆண்டு வரலாற்றுடன் தொடங்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவற்றையும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொண்டது. சேனைப் பயிர் செய்தவன் அதனால் அத்துமீறியவனானான். 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம், தொழிலாளி வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ரைன்லாந்தில் விறகு பொறுக்குவதைத் திருட்டாக்கிய சட்டத்தை 1842இல் மார்க்ஸ் ஆராய்ந்தார். வழக்காற்றுரிமை சொத்துரிமையின் முன் குற்றமாக மாறும் இதே இயக்கத்தையே அவரும் கண்டார். இப்பின்னணியிலேயே 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கற்பிக்கப்படல் தகும்.

இரண்டாம் ஆண்டுக்குரியவை நடவடிக்கைமுறை, சான்று, மொழி என்பன. மொழியை ஒரு துணைப்பாடமாக ஒதுக்கிவிடலாகாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி பொலிஸ் அலுவலரிடம் அளித்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கெதிராக நிரூபித்தல் இயலாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அவருக்கு மேற்பட்ட அலுவலரிடம் அளித்த ஒப்புதலை ஏற்கத்தக்கதாக்கியது. இதன் விளைவைச் சிங்கராசா வழக்குக் காட்டுகிறது. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர், சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதலின் பேரில் 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாகக் குறைந்தது. தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒப்புதல் பெறப்பட்டமையும் நீதியான விசாரணைக்கான உரிமையை மீறியதென 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு கண்டது. மொழிபெயர்ப்பு இங்கு ஒரு மனிதனின் ஆயுட்காலப் பிரச்சினையாயிற்று.

மூன்றாம் ஆண்டு தண்டனையின் சமூகவியலுக்கு உரியது. தண்டனை முறைகள் உழைப்புச் சந்தையின் தேவைகளோடு மாறுபவை என்ற ருஷே, கிர்ஷ்ஹைமர் ஆகியோரின் 1939ஆம் ஆண்டுக் கருத்தை மாணவர் விவாதிக்கட்டும். 1988இன் மத்தியஸ்த சபைச் சட்டத்தையும் 1999இன் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தையும் அவ்வளவுகோலால் அவர்களே மதிப்பிடட்டும். பொலிஸ் புள்ளிவிபரம் பதியப்பட்ட குற்றத்தையே காட்டும். பதியப்படாததை அறியக் கள ஆய்வுமுறை வேண்டும்.

நான்காம் ஆண்டின் களம் இரணைமடுவே. வாய்க்கால் நீர்ப் பங்கீட்டில் எழும் பிணக்கு எப்போது கமக்காரர் அமைப்போடு முடிகிறது, எப்போது பொலிஸ் நிலையத்தை எட்டுகிறது? மணல் ஏற்றிய கூலியாள் வழக்கில் நிற்கையில், மணலின் இலாபம் பெற்றவர் எங்கு நிற்கிறார்? இவை ஆய்வேட்டுக்குரிய வினாக்கள்.

பட்டதாரிக்குத் தொழில் வேண்டுமென்பது நியாயமான கோரிக்கை. நன்னடத்தைப் பிரிவு, சிறைச்சாலை, பொலிஸ், நீதிமன்ற மொழிபெயர்ப்பு ஆகியன அதற்கு இடமளிக்கக்கூடியவை. ஆயினும் ஏவலை நிறைவேற்றும் அலுவலரை ஆக்குவதற்குப் பயிற்சிக் கல்லூரியே போதும். கூண்டில் நிற்பவர் தமக்கு நிகழ்வதை விளங்கிக்கொள்கிறாரா என்று வினவும் அலுவலரை ஆக்குவதே பல்கலைக்கழகத்தின் கடமை. இப்பட்டப்படிப்பின் பயனை அளக்க வேண்டிய கோலும் அதுவே.