தண்ணீருக்கேற்ற மீன்

கோலார் தங்க வயலில் 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு பலருக்கும் பிழைப்பு பெங்களூரில். தினமும் ரயிலில் போய் வருகிறார்கள். திரும்பும்போது குழந்தைக்காக பாலித்தீன் பையில் நாலு நியான் டெட்ரா மீன்களை வாங்கி வருபவர், வீட்டுக் குழாயையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுரங்க நகருக்குத் தண்ணீர் தந்தது பாலாற்றின் பேத்தமங்கலா ஏரி. இன்று மாவட்டம் பெரிதும் நம்பியிருப்பது போர்வெல்களை. ஆயிரம் அடியைத் தாண்டியும் தோண்டுகிறார்கள். பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கிய நீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சோப்பு நுரைக்காததற்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிவதற்கும் காரணமான அதே கடினத்தன்மைதான் மீன் தொட்டியிலும் பிரச்சினை.

நியான் டெட்ராவின் தாயகம் அமேசான் படுகை. மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீருக்குப் பழகியது. அதற்காகத் தொட்டியில் அமிலத்தை ஊற்றி பி.எச். அளவைக் குறைப்பவர்கள் உண்டு. நீரிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை முறியடிக்க, அளவு மறுபடி ஏறிவிடும். மீனைக் கொல்வது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

இன்னொரு ஆபத்து, கழிவிலிருந்து வரும் அம்மோனியா. பி.எச். 7லிருந்து 8க்கு உயர்ந்தால் அதில் நச்சாக மாறும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். கடின நீர்த் தொட்டியில் மீன்களை நெருக்கி அடைப்பதும் அளவுக்கு மீறி இரை போடுவதும் கூடாது.

மென்மையான நீர் வேண்டுமென்றால் ஆர்.ஓ. நீரையோ சுத்தமான மழைநீரையோ கலக்கலாம். பாதிக்குப் பாதி கலந்தால் கடினத்தன்மையும் பாதியாகும். தனி ஆர்.ஓ. நீர் வேண்டாம், தாங்கிப்பிடிக்க உப்புகள் இல்லாததால் பி.எச். சட்டென்று சரியும். ஆவியான நீருக்குப் பதில் போர்வெல் நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவதே சரி. அலங்காரத்துக்குக் கிளிஞ்சலும் சலவைக்கல்லும் போடாதீர்கள். அவை கடினத்தன்மையைக் கூட்டும்.

இத்தனை பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு கப்பியும் மோலியும் இருக்கின்றன. கடின நீர் இவற்றுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். எந்த மீனானாலும் பையிலிருந்து அப்படியே கொட்டாமல், தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்துப் பழக்கிய பிறகே விடவேண்டும்.

மனிதர்கள் அருந்தும் நீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லை என்றால் 600 வரை. மீனுக்காக வாங்கிய டெஸ்ட் கிட்டில் குடத்துத் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.