டாக்டராகி என்ன செய்வாய்?

சில வருடங்களுக்கு முன்பு வரை, பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைப் பிரித்தால் ஊருக்கு ஊர் ஒரே படம்தான். முதலிடம் பிடித்த பிள்ளைக்கு அம்மா லட்டு ஊட்டிக்கொண்டிருப்பார். கீழே ஒரே வாசகம்: ‘டாக்டராகி ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்வதே என் லட்சியம்.’

2017-ல் தமிழக அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. படம் போயிற்று, வாசகம் போகவில்லை. உதவித்தொகை விண்ணப்பங்களிலும் நேர்காணல்களிலும் குடியேறிவிட்டது. ‘உங்கள் லட்சியம் என்ன? அதனால் உங்கள் ஊருக்கு என்ன பயன்?’ என்று கேட்டால், முதல் கேள்விக்கு ஒரு பதவியின் பெயர், இரண்டாவதற்குச் ‘சேவை’ என்ற சொல். எழுதிவிட்டு நிமிர்ந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. யாருக்கு, என்ன குறைக்கு, எப்படி என்று அவர்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மடங்கிய விரல்கள்

அந்தக் கேள்விகளுக்குத் தன் வேலையாலேயே பதில் சொன்ன ஒருவர் இருந்தார். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வடமலாபுரம். 1918-ல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றில் இறந்ததைச் சிறுவயதில் பார்த்தார். ஊரில் டாக்டர் கிடையாது. பிரசவ மருத்துவர் ஆவது என்று அப்போதே மனத்தில் விழுந்துவிட்டது.

1944-ல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் படிப்பை முடித்தார். ராணுவ மருத்துவப் பணிக்குப் போனார். அங்கே முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. எழுந்தபோது விரல்கள் கோணிப் போயிருந்தன. பிரசவம் பார்க்க அந்தக் கைகள் உதவாது.

லட்சியம் வெறும் பதவியாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களுக்குள் கத்தியைப் பிடித்து நிறுத்தப் பழகினார். அந்தக் கை வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களைத் தொட்டது.

1976-ல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. மற்றவர்கள் ஈஸிசேரைத் தேடும் வயதில், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுப்பவர்களின் கட்டணமே இல்லாதவர்களின் சிகிச்சையையும் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இலவசம் போதாது

கண்புரை ஆபரேஷன் இலவசம் என்று தண்டோரா போட்டாலும் கிராமத்துப் பாட்டி வரவில்லை. ஏன்? பஸ்ஸுக்குக் காசு வேண்டும். துணைக்கு வரும் மகனுக்குக் கூலி போகும். சாப்பாட்டுக்கு எங்கே போவது? அதனால் முகாம் ஊருக்கே போனது. அங்கிருந்து மருத்துவமனைக்குப் பஸ், அங்கே சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் சேர்ந்த பிறகுதான் ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் வந்தது.

அடுத்த தடை லென்ஸ். ஆபரேஷன் முடிந்தாலும் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி என்றிருந்த காலம். கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை எட்டாது. 1992-ல் மதுரையிலேயே அதைத் தயாரிக்க ஆரோலேப் தொடங்கப்பட்டது. அந்த லென்ஸைத் தயாரித்தவர்கள் கண்புரையை அறுத்தவர்கள் இல்லை. ஆனால், பாட்டிக்குப் பார்வை வந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி தருகிறார்கள். பார்வையைச் சோதிப்பது, நோயாளியைத் தயார்செய்வது, பயத்தைப் பேசிப் போக்குவது அவர்கள் வேலை. ஒரு டேபிளில் ஆபரேஷன் முடிவதற்குள் அடுத்த டேபிளில் ஆளைத் தயாராக வைத்திருப்பார்கள். டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினால் போதும். சம்பளமும் உண்டு, ஊருக்குப் பயனும் உண்டு. ஆனால் லட்டு ஊட்டும் படத்தில் இவர்கள் என்றைக்கும் இருந்ததில்லை.

விண்ணப்பத்தை நிரப்பும் முன்

சம்பாதித்து முடித்துவிட்டு மிச்சத்தில் செய்வதுதான் சேவை என்று நினைக்கிறோம். வெங்கடசாமி வேலையின் அமைப்புக்குள்ளேயே ஊரை வைத்தார். அதனால்தான் 2006-ல் அவர் மறைந்த பிறகும் அது நடக்கிறது.

எனவே, பதவியின் பெயரை எழுதும் முன் பிள்ளைகள் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம். ‘எங்கள் ஊரில் சர்க்கரை நோய்க்காரர்கள் பலர். அந்த நோய் வலிக்காமலே கண்ணைக் கெடுக்கும். சோதிக்க டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், அதனால் போவதில்லை. கண் பரிசோதனை படித்து, வாரம் ஒருநாள் எங்கள் பஞ்சாயத்திலேயே அதைச் செய்ய விரும்புகிறேன்.’ இப்படி எழுதும் பிள்ளையிடம் தேர்வுக் குழு மேலும் நாலு கேள்வி கேட்கும். ஒரு நாளைக்கு எத்தனை பேர், கருவிக்கு என்ன செலவு, யார் கொடுப்பார்கள் என்று.

பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம், ‘ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலை ஆத்தா?’ என்று கேட்டுவிட்டு வந்து எழுதட்டும்.