முதல் கோழி விழும்போதே வாருங்கள்

உரச்சாக்கில் கட்டிய ஏழெட்டுக் கோழிகள் கால்நடை மருந்தக வாசலில் வந்து இறங்கும்போது பண்ணையில் பாதி காலியாகியிருக்கும். “எப்போதிருந்து சாகுது?” என்று டாக்டர் கேட்டால், “நாலஞ்சு நாளா அங்கொண்ணு இங்கொண்ணுன்னு விழுந்துச்சுங்க” என்பார்கள். அந்த நாலைந்து நாளில் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் ஒரு சுற்றுப் போயிருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்ன டானிக் இன்னொரு சுற்று. நாமக்கல், பல்லடம் பக்கக் கால்நடை மருத்துவர்கள் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். வெள்ளைக்கழிச்சல் (இராணிக்கெட்) கண்ட கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு கிடக்கும் நிலைக்கு வந்துவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்தே கிடையாது.

“காத்துல வந்துடுச்சுங்க”

சீக்கு எப்படி வந்தது என்று கேட்டால் முதலில் குற்றவாளியாவது காற்று, அடுத்தது பனி. அதே வாரம் தீவன லாரி மூன்று பண்ணை சுற்றி வந்ததையோ, கோழி பிடிக்க வந்த ஆட்கள் முந்தின இரவு வேறு பண்ணையில் பிடித்ததையோ யாரும் சொல்வதில்லை. நோய்க் கிருமி குளிர்ந்த, ஈரமான எச்சத்தில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். சந்தையிலிருந்து திரும்பி வரும் முட்டை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், குழிகளின் ஓரத்தில் காய்ந்த எச்சமும் ஒட்டிய இறகும் தெரியும். அது யார் வீட்டுக் கோழியுடையது? தெரியாது. அந்த அட்டைதான் நேரே கொட்டகைக்குள் போகிறது.

அமெரிக்காவில் 2015இல் பறவைக்காய்ச்சலால் சுமார் 5 கோடிக் கோழிகளும் வான்கோழிகளும் அழிந்தன. அயோவாவும் மின்னசோட்டாவும்தான் அதிகம் அடிபட்டன. கிருமியை முதலில் கொண்டுவந்தவை காட்டுப் பறவைகள். அதன்பிறகு பண்ணைக்குப் பண்ணை பரவியதில் வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் ஆட்களுக்கும் பெரிய பங்கு இருந்ததாக அந்நாட்டு வேளாண் துறையின் ஆய்வு சொன்னது. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துக் கூட்டங்களிலும் நீர்ப்பறவைகள் வந்து கலப்பதை யாராலும் தடுக்க முடியாது. வண்டியையும் செருப்பையும் தடுக்க முடியும்.

கடை மருந்தும் கெட்டுப்போன தடுப்பூசியும்

வெள்ளைக்கழிச்சல், கம்போரோ, அம்மை, பறவைக்காய்ச்சல் நான்கும் வைரஸ் நோய்கள். எந்த ஆன்டிபயாடிக்கும் இவற்றைத் தொடாது. கூடவே சேரும் பாக்டீரியாத் தொற்றுக்குத் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், கடைக்காரர் அல்ல. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தையே கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கால்நடை, கோழி வளர்ப்பில் அதைப் பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை போட்டது. கோழி கொழுக்க வேண்டும் என்று கொட்டிய மருந்து, நாளை மருத்துவமனையில் கிடக்கும் மனிதருக்கு வேலை செய்யாமல் போகலாம்.

“தடுப்பூசி போட்டும் செத்துப்போச்சே” என்பது அடுத்த புகார். விசாரித்தால், உயிருள்ள கிருமி கொண்ட அந்த மருந்து மதிய வெயிலில் சட்டைப்பையில் பயணம் செய்திருக்கும். அல்லது குளோரின் கலந்த குடிநீரில் ஊற்றியிருப்பார்கள். மருந்தின் வீரியம் அங்கேயே முடிந்தது. 500 கோழிக்கான புட்டியை 800க்கு நீட்டிப்பவர்களும் உண்டு. ஏற்கெனவே சீக்குக் கண்ட கூட்டத்துக்கு ஊசி போட்டுவிட்டு, ஊசியால்தான் செத்தது என்பவர்களும் உண்டு.

மஞ்சள், வேப்பிலை, சின்ன வெங்காயம்

இவற்றைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. அம்மைக் கொப்புளத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவுவதை மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் தடவிவிட்டு அதே கூண்டில் விட்டால்? அம்மையைக் கொசு ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் அரைத்துக் கொடுத்தால் தடுப்பூசி வேண்டாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. அந்த நம்பிக்கையில் கொட்டகையே காலியான வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

விற்றுத் தீர்ப்பவர்கள்

சகிக்க முடியாத பழக்கம் இது: நாலு கோழி விழுந்ததும் மீதியை அவசரமாகச் சந்தைக்கு ஏற்றிவிடுவது, செத்ததை வாய்க்காலில் எறிவது. நோய் ஒரே நாளில் பத்து ஊருக்குப் போகிறது.

2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நாட்டிலேயே முதல்முறையாகப் பறவைக்காய்ச்சல் உறுதியானது. அதற்கு முன்பே அங்கே கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. வழக்கமான இராணிக்கெட் என்றே நினைத்தார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. சந்தேகம் வந்தால் மாதிரி போபால் ஆய்வகத்துக்குப் போகும். மறைப்பதால் லாபமும் இல்லை. பறவைக்காய்ச்சல் உறுதியானால் அரசு அழிக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு. தானாகச் செத்ததற்குக் கிடையாது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை எச்5என்1 பறவைக்காய்ச்சல் தொற்றில் இறந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் பயமில்லை. சீக்குக் கோழியை வெறுங்கையால் அறுப்பதிலும் பச்சைக் கறியிலும்தான் பயம்.

தயவுசெய்து இதையாவது

கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருந்தால் மட்டும் போதாது. எச்சமும் மண்ணும் சேர்ந்து கலங்கிய தண்ணீர் எந்தக் கிருமியையும் கொல்லாது. தினமும் மாற்றுங்கள். குஞ்சு பார்க்க வரும் சொந்தக்காரரை வேலிக்கு வெளியிலேயே உட்காரவைத்து டீ கொடுங்கள்; கோபித்துக்கொண்டால் பரவாயில்லை. ஒரே வயதுக் குஞ்சுகளை ஒன்றாக விட்டு, ஒன்றாக விற்று, கூளத்தை முழுதும் அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு மூன்று வாரம் கொட்டகையைச் சும்மா போடுங்கள். அந்த இடைவெளியை வீண் நஷ்டம் என்று எண்ணிக் குறைக்காதீர்கள். செத்ததை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

வீட்டில் பத்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களிடம் மருத்துவர்கள் கெஞ்சுவது ஒன்றைத்தான். வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டு வாரம் தாண்டியதும் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் முகாம் நடத்தி இலவசமாகவே இந்த ஊசியைப் போடுகிறது. விடிந்ததும் மேயத் திறந்துவிட்டால் அப்புறம் ஒன்றையும் பிடிக்க முடியாது. முகாம் நாளன்று கூண்டைத் திறக்காமல் அப்படியே தூக்கி வாருங்கள்.