பால்சா மரத்தில் ஒரு பருந்து



“கிளைடர்னா என்னப்பா? பொம்மை ஏரோப்பிளேன்தானே?” என்று கேட்பவர்கள் நம் காலேஜிலேயே நிறையப் பேர். பொம்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப், டிராயிங், மெட்டீரியல்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கொண்டு வந்து வைக்கிற பொம்மை. நாங்கள் நாலு பேர் (மெக்கானிக்கல் இரண்டு, சிவில் ஒருத்தன், இ.சி.இ. தோழி ஒருத்தி) பாக்கெட் மணியைச் சேர்த்து ஒரு கிட் வாங்கினோம். உடைந்தால் இன்னொன்று வாங்கக் காசு கிடையாது. அந்தப் பயத்திலேயே ஒவ்வொரு ஸ்டெப்பையும் ஏன், எதற்கு என்று கேட்டுக் கேட்டுச் செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரம்

பால்சா தென் அமெரிக்க மரம். ஈக்வடார் நாட்டில்தான் அதிகம் விளைகிறது. ஸ்பானிஷ் மொழியில் ‘பால்சா’ என்றால் தெப்பம். 1947-ல் தோர் ஹெயர்டால் என்ற நார்வேக்காரர் பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள் மிதந்து போனாரே, அந்த கான்-டிக்கி தெப்பம் பால்சா கட்டைகளால் கட்டியதுதான். தண்ணீர் ஒரு கனமீட்டர் 1000 கிலோ. நம்ம தேக்கு சுமார் 650 கிலோ. கிட்டில் வரும் பால்சா 100 முதல் 200 கிலோவுக்குள் அடங்கிவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனால் நார் ஓடும் திசையில் இழுத்துப் பாருங்கள், அதன் எடைக்கு அந்த பலம் ஆச்சரியம்! இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடலே பிளைவுட் தகடுகளுக்கு நடுவில் பால்சாவை வைத்து ஒட்டியதுதான் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்.

நாங்கள் எடுத்துக் கொண்டது ‘ஜென்டில் லேடி’ என்ற பழைய அமெரிக்க டிசைன். இறக்கையின் நீளம் சுமார் 2 மீட்டர், பரப்பு சுமார் 43 சதுர டெசிமீட்டர். ரேடியோ, பேட்டரி எல்லாம் வைத்து 800 கிராமில் முடிப்பது என்று முடிவு செய்தோம்.

பிளான்தான் வேத வாக்கு

கிட்டைப் பிரித்ததும் கை அரிக்கும், ஒட்டிப் பார்க்கலாமே என்று. வேண்டாம்! முதல் நாள் பிளானைப் படிக்க மட்டும். நெளியாத ஒரு பழைய கதவுப் பலகை, அதன் மேல் நோட்டீஸ் போர்டு செய்கிற சாஃப்ட் போர்டு, அதன் மேல் பிளான், அதற்கும் மேல் மெல்லிய பாலிதீன். பாலிதீன் இல்லையென்றால் பசை பிளானோடு ஒட்டிக் கொண்டு, பிளானும் போச்சு, இறக்கையும் போச்சு. பலகை நெளிந்திருந்தால் இறக்கையும் நெளியும். நெளிந்த இறக்கை ஜென்மத்துக்கும் ஒரு பக்கமே திரும்பும்.

துண்டுகளைக் குண்டூசியால் பிளான் மேல் நிறுத்தி ஒட்ட வேண்டும். பசையிலும் ஆளுக்கொரு வேலை உண்டு. பால்சாவோடு பால்சா சேரும் இடத்துக்கு வெள்ளை ஃபெவிகால். காய நேரமெடுக்கும், ஆனால் திருத்திக் கொள்ள அவகாசம் தரும். அவசர இடத்துக்கு சூப்பர் குளூ. புகை கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாரம் தாங்கும் நடு இணைப்புகளுக்கு அரால்டைட். எதுவானாலும் மெல்லிசாகத்தான் பூச வேண்டும். பசையும் எடைதானே!

இறக்கைக்குள் ஒரு ஐ-பீம்

இறக்கையில் மேலே ஒரு நீளச் சட்டம், கீழே ஒரு நீளச் சட்டம். இவற்றுக்கு ஸ்பார் என்று பெயர். குறுக்கே வரிசையாக விலா எலும்பு மாதிரி ரிப்கள். பறக்கும்போது இறக்கை மேல் நோக்கி வளையப் பார்க்கும். அப்போது மேல் ஸ்பார் அமுங்கும், கீழ் ஸ்பார் இழுபடும். இரண்டு ஸ்பாருக்கும் நடுவில் மெல்லிய பால்சாத் தகடுகளை, நார் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டச் சொல்கிறது பிளான். எதற்கு நார் செங்குத்து என்று நான் யோசித்துக் கொண்டிருக்கும்போதே சிவில் நண்பன் சிரித்தான். “டேய், இது ஐ-பீம்டா! நடுத்தகடு இல்லைன்னா ரெண்டு ஸ்பாரும் தனித்தனியா வளைஞ்சு ஒடிஞ்சிடும்” என்றான். நார் செங்குத்தாக நின்றால்தான் மேல் ஸ்பார் கீழ் ஸ்பாரை நோக்கி நசுங்காமல் தகடு முட்டுக் கொடுக்கும். தகடு இல்லாத ஸ்பாரையும் தகடு ஒட்டிய ஸ்பாரையும் மீதிக் கட்டைகளில் செய்து கையால் வளைத்துப் பாருங்கள். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஒரு பாடம் அப்படியே மனதில் நிற்கும்.

இந்த இறக்கை நாலு துண்டு. துண்டுக்குத் துண்டு நுனி மேலே தூக்கியிருக்கும். இது அழகுக்காக இல்லை. இந்தக் கிளைடரில் இறக்கையில் அசையும் பாகமே கிடையாது. வாலில் ரட்டரும் எலிவேட்டரும் மட்டும்தான். ரட்டரை வலப்பக்கம் திருப்பினால் மூக்கு வலப்பக்கம் போகும். அப்போது காற்று இடப்பக்கமிருந்து சாய்வாக வந்து, மேலே தூக்கிய இடது இறக்கையின் அடியில் அதிகக் கோணத்தில் மோதும். இடது இறக்கை உயரும், கிளைடர் வலப்பக்கம் சாய்ந்து வளையும். ஆகவே இணைப்பில் வைக்கும் பிளைவுட் கோணத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருந்தே தீர வேண்டும்.

வாலில் ஒரு கிராம், மூக்கில் மூன்று

எங்களுக்குள் பெரிய சண்டையே வால் விஷயத்தில்தான். “கொஞ்சம் தடிமனான ஷீட் போடலாம், ஸ்ட்ராங்கா இருக்கும்” என்றான் ஒருத்தன். கணக்குப் போட்டோம். பேலன்ஸ் புள்ளியிலிருந்து வால் சுமார் 75 செ.மீ. பின்னால். மூக்கில் ஈயம் வைக்கும் இடம் சுமார் 25 செ.மீ. முன்னால். மொமென்ட் சமமாக வேண்டுமானால் வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் 3 கிராம் ஈயம்! வாலில் 10 கிராம் கூடினால் மொத்தம் 40 கிராம் தண்டச் சுமை. சண்டை அதோடு முடிந்தது. வாலுக்கு இருப்பதிலேயே லேசான ஷீட்டைப் பொறுக்கி எடுத்தோம்.

ரேடியோ வேலை செய்வது எப்படி?

1937-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ‘கஃப்’ என்ற மாடல் விமானத்தை ரேடியோவால் இயக்கிப் பறக்க விட்டார்கள். வால்வு போட்ட காலம் அது. பிறகு கிரிஸ்டல் செட்கள் வந்தன. அமெரிக்காவில் 72, பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ். ஒரே சானலில் இரண்டு பேர் ஆன் செய்தால் ஒருத்தர் விமானம் தரையில்! இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்களில் ரிசீவர் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டுமே அடையாளம் வைத்துக் கேட்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ரட்டருக்கு ஒன்று, எலிவேட்டருக்கு ஒன்று என்று இரண்டு சர்வோ. ரிசீவர் சுமார் 20 மில்லி செகண்டுக்கு ஒரு முறை பல்ஸ் அனுப்பும். பல்ஸின் நீளம் 1.5 மில்லி செகண்ட் என்றால் சர்வோ நடுவில் நிற்கும். 1 என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறு கோடி. சர்வோவுக்குள் மோட்டார், பல்சக்கரங்கள், ஒரு பொட்டென்ஷியோமீட்டர். “நான் இருக்கிற இடம் இது, கேட்கிற இடம் அது” என்று ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும் வரை மோட்டாரை ஓட்டும். இதுதான் ஃபீட்பேக் கன்ட்ரோல் என்று தோழி விளக்கியபோது மெக்கானிக்கல்காரர்கள் எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது!

தோல் போர்த்துதல்

அந்தக் காலத்தில் டிஷ்யூ பேப்பரும் டோப்பும். இப்போது அயர்ன் பாக்ஸில் ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம். முதலில் ஓரங்களை மட்டும் ஒட்டி, பிறகு சூடு காட்டினால் மேளத்தோல் மாதிரி விறைத்துக் கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு காட்டினால் இறக்கை முறுக்கிக் கொள்ளும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, முறுக்கு இருந்தால் எதிர்ப்பக்கம் லேசாகத் திருகிப் பிடித்தபடி மறுபடி சூடு காட்டினால் சரியாகிவிடும்.

பறக்கும் முன் பரீட்சை

இறக்கையின் சராசரி அகலம் எங்களுடையதில் சுமார் 21 செ.மீ. முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 7 செ.மீ. அருகே பேலன்ஸ் புள்ளி வர வேண்டும். பிளானிலும் குறித்திருக்கும். இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பாருங்கள். வால் தொங்கினால் பறக்கவே விடாதீர்கள், கட்டுக்கு அடங்காது. மூக்கு கொஞ்சம் தொங்கினால் முதல் நாளைக்குப் பரவாயில்லை.

அடுத்து கணக்கு. ஒரு சதுர டெசிமீட்டருக்கு 19 கிராம் பாரம். லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் 0.8 என்று வைத்தால் வேகம் நொடிக்கு சுமார் 6.3 மீட்டர், மணிக்கு 23 கி.மீ. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 12 மீட்டர் முன்னே போகும் என்று வைத்தால் நொடிக்கு அரை மீட்டர்தான் இறக்கம். 100 மீட்டர் உயரத்தில் விட்டால் 3 நிமிடம் காற்றிலேயே இருக்கலாம். இஞ்சின் இல்லாமல்!

மைதானத்தில்

இடம் முக்கியம். மின்கம்பி, ரோடு, ஆள் நடமாட்டம் கூடாது. 800 கிராம் தலையில் விழுந்தால் விளையாட்டு இல்லை. 2021-ஆம் ஆண்டு வந்த ட்ரோன் விதிகளில் ரிமோட் மாடல்களும் அடக்கம். விமான நிலையத்தைச் சுற்றிய சிவப்பு, மஞ்சள் மண்டலங்கள் எவை என்று அரசு வரைபடத்தில் பார்த்துவிட்டு, பச்சை மண்டலத்தில், 400 அடிக்குக் கீழே, கண் பார்வைக்குள் பறக்க விடுங்கள்.

நாங்கள் போனது கோடையில் வற்றிய ஓர் ஏரி. காலை 6 மணி, காற்று அசையாத நேரம். காற்று வரும் திசையை நோக்கி, இறக்கை மட்டமாக, மூக்கு இம்மியளவு கீழே பார்க்க, ஈட்டி எறிவது போல் கையிலிருந்து விட வேண்டும். மேலே பார்த்து எறிந்தால் வேகம் செத்து, தலைகுப்புற விழும். தோழி டிரான்ஸ்மிட்டரைப் பிடிக்க, நான் எறிந்தேன். 40 அடி தூரம்தான். நேராகப் போய், புல்லில் வயிற்றை வைத்து உட்கார்ந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு பேருடைய காசும் ராத்தூக்கமும் அதில்தானே இருந்தது!

அதன் பிறகுதான் ரப்பர் குழாயும் நைலான் கயிறும் கட்டி, காற்றாடி மாதிரி மேலே ஏற்றினோம். கயிறு மாட்டும் கொக்கி பேலன்ஸ் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் கிளைடர் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். வெயில் ஏறியதும் தூரத்தில் ஒரு பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமடித்தது. தரை சூடாகி மேலே எழும் காற்று அங்கே இருக்கிறது என்று அர்த்தம். நொடிக்கு ஒரு மீட்டர் எழும் காற்றில், அரை மீட்டர் இறங்கும் கிளைடர் அரை மீட்டர் ஏறத்தானே வேண்டும்? ஏறியது! பருந்துக்குக் கீழே எங்கள் பால்சாவும் வட்டமடித்து, எங்கள் 3 நிமிடக் கணக்கைத் தாண்டி 7 நிமிடம் கழித்துத்தான் இறங்கியது.

நண்பர்களே, “டிப்ளமாதானே” என்று நம்மைக் கேட்பவர்கள் வெளியே உண்டு. வரைபடத்தில் இருக்கும் ஒரு கோட்டைக் கையில் பிடிக்கிற பொருளாக மாற்றத் தெரிந்தவர்கள் நாம். சந்தேகமிருந்தால் கட்டிப் பாருங்கள். ஜூனியர்கள் யாருக்கு ஆசையிருந்தாலும் எங்கள் பிளானும் சாஃப்ட் போர்டும் மீதி ஈயமும் மெக்கானிக்கல் பிளாக்கில் பத்திரமாக இருக்கின்றன. பசை மட்டும் நீங்கள் வாங்கிக் கொள்ளுங்கள்!